முன்தோல் இறுக்கத்துக்கு ஆபரேஷன்தான் ஒரே வழியா?

தாமிரபரணி_தம்பி

வணக்கம் நண்பர்களே. நேரில் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். வயது 27. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே ஆணுறுப்பின் முன்தோல் முழுசாகப் பின்னால் போகாது. சாதாரணமாக இருக்கும்போது மொட்டு பாதி வரை தெரியும். விறைப்பு வந்தால் அதுவும் இல்லை. நுனியில் வளையம் போட்ட மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் வலிக்கும். சிறுநீர் போவதில் சிக்கல் எதுவும் இல்லை, சீழ், அரிப்பு எதுவும் வந்ததில்லை.

இணையத்தில் தேடினால் 'லேசர், வலி இல்லை, அன்றே வீடு திரும்பலாம்' என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு இடத்தில் போனில் விசாரித்தேன். பரிசோதனை எதுவும் செய்யாமலே ஆபரேஷனுக்குத் தேதி கேட்டார்கள். வெட்டாமல் சரிசெய்ய வழி இருக்கிறதா? இதனால் குழந்தை பிறப்பதில் பிரச்சினை வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

தம்பி, எனக்கும் இதே நிலைமைதான் இருந்தது. கத்தி படாமல் சரியானது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு நோய்களைப் பார்க்கும் யூராலஜி ஓ.பி.யில் காட்டினேன். டாக்டர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். 'தோல் மெத்தென்று இருக்கிறது, தழும்பு இல்லை, களிம்பு போட்டுப் பார்ப்போம்' என்றார். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். காலையும் இரவும் போடச் சொன்னார்.

போடும் முறையைச் சரியாகச் சொல்லித் தந்ததுதான் எனக்குப் பெரிய உதவி. வெந்நீரில் குளித்து முடித்ததும் தோல் தளர்ந்திருக்கும். அப்போது வலிக்காத அளவுக்கு மட்டும் பின்னால் இழுத்தால் இறுக்கமான வளையம் வெளியே தெரியும். களிம்பு அந்த வளையத்தின் மேல்தான் படவேண்டும். மொட்டின் மேலே அப்பிக்கொள்வதால் பயன் இல்லை. மெல்லிசாகத் தடவி, இழுத்த நிலையிலேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, தோலைத் திரும்ப முன்னால் கொண்டுவந்து விட வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியாது. அங்கேதான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஒரு மாதம் தாண்டித்தான் விறைப்பு நேரத்திலும் தோல் நகர ஆரம்பித்தது.

களிம்பை நிறுத்தின பிறகும் தினமும் குளிக்கும்போது தோலைப் பின்னால் தள்ளிக் கழுவும் பழக்கத்தை விடக் கூடாது என்றார்கள். விட்டால் திரும்ப இறுகுமாம்.

யூராலஜி_சேரன்

யூராலஜி துறையில் இருக்கிறேன். யாரையும் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் என்னென்ன வழிகள் உண்டு, யாருக்கு எது என்பதை எழுதலாம்.

முதலில் தம்பியின் பயத்துக்குப் பதில். முன்தோல் இறுக்கத்தால் விந்தணு குறையாது, விறைப்பு போகாது. உறவின்போது வலியோ தோல் கிழிவதோ நடக்கலாம், அது சரிசெய்யக்கூடியது. இதைச் சொல்லிப் பயமுறுத்தி லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்களிடம் போகவே போகாதீர்கள். லேகியத்தால் தோல் வளையம் தளராது.

அடுத்து, தோல் எப்படி இருக்கிறது என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கும். பின்னால் இழுக்கும்போது நுனி சுருக்குப்பையின் வாய் மாதிரிச் சுருங்கி, ஆனால் தோல் இளஞ்சிவப்பாக, மெத்தென்று இருந்தால் அது பிறவியிலிருந்து தளராமல் நின்றுபோன தோல். இதற்கு ஸ்டீராய்டு களிம்பு நன்றாக வேலை செய்யும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், இன்னும் வீரியமாக வேண்டுமானால் குளோபெட்டசால். ஸ்டீராய்டு அந்த இடத்தில் வீக்கத்தைக் குறைத்து, தோலை மெலிதாக்கி, நெகிழ வைக்கிறது. வழக்கமாகத் தினம் இரண்டு வேளை, நான்கிலிருந்து எட்டு வாரம். சிறுவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பலன் என்றும், 17 சதவீதம் வரை திரும்ப இறுகலாம் என்றும் ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் குழந்தைகளுக்கான வழிகாட்டுதல் சொல்கிறது. பெரியவர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம், பலன் சற்றுக் குறைவாக இருக்கும்.

மாறாக, நுனியில் வெள்ளையாக, கெட்டியாக, பளபளப்பான தழும்பு வளையம் இருந்தால் அது வேறு நோய். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்பார்கள். தோல் ஒட்டிக்கொண்டே போகும். சிலருக்கு மொட்டின் மேலும், சிறுநீர்த் துளையிலும், உள்ளே குழாயிலும் பரவி அடைக்கும். ஆரம்பத்தில் குளோபெட்டசால் போட்டுப் பார்ப்போம். தழும்பு முற்றிவிட்டால் முன்தோலை முழுவதும் எடுப்பதுதான் சரியான வைத்தியம். எடுத்த தோலைக் கட்டாயம் பயாப்ஸிக்கு (நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் திசுப் பரிசோதனைக்கு) அனுப்ப வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகும் சில வருடங்கள் வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம், மெடிக்கலில் நேரடியாகக் கேட்டு வாங்கும் களிம்பு பற்றி. கடையில் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்த ட்யூப். படர்தாமரைக்கு இதைப் போட்டுப் போட்டு ஊரே கெட்டுக் கிடக்கிறது. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது இதற்காகத்தான். உள்ளே பூஞ்சைத் தொற்று இருக்கும்போது வெறும் ஸ்டீராய்டைப் போட்டால் தொற்று இன்னும் பெருகும். பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது அதனால்தான்.

கோவை_அம்மா

இழையைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. என் மகனுக்கு நாலு வயது. முன்தோல் பின்னால் போவதே இல்லை. சிறுநீர் கழிக்கும்போது நுனி பலூன் மாதிரி உப்பிக்கொண்டு அப்புறம் வருகிறது. தோலுக்கு அடியில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்ன உருண்டை ஒன்றும் தெரிகிறது. மாமியார், 'பிறந்ததிலிருந்து எண்ணெய் வைத்து இழுத்துவிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது' என்று தினமும் சொல்கிறார். குளிக்க வைக்கும்போது அவரே இழுக்கிறார், பிள்ளை வீறிட்டு அழுகிறான். போன வாரம் துளி ரத்தம் வந்தது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் ஒன்றும் வேண்டாம் என்கிறார். குழப்பமாக இருக்கிறது. படம் எடுத்துப் போடட்டுமா?

மட்டுறுத்துநர்

அம்மா, தயவுசெய்து படம் போட வேண்டாம். குழந்தையின் படத்தை இங்கே மட்டும் இல்லை, வாட்ஸ்அப் குழு, தனிச்செய்தி எதிலும் யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். டாக்டர் என்று சொல்லிக்கொண்டு கேட்டாலும் அனுப்ப வேண்டாம். நேரில் காட்டுங்கள். மற்றவர்களுக்கும் இதேதான்.

வார்டு_சிஸ்டர்

கோவை அம்மா, குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ் நான். முதலில் அந்த இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். மாமியாரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள், அவர் பேரனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறார். அந்தக் காலத்தில் குளிப்பாட்ட வரும் பாட்டிகள் தலையை உருட்டுவது, மூக்கை நீவுவது, இதை இழுப்பது எல்லாமே வழக்கம்.

பிறக்கும்போது முன்தோலின் உள்பக்கமும் மொட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டித்தான் இருக்கும். அது நோய் இல்லை, அப்படித்தான் வளர்கிறது. வளர வளரத் தானாகப் பிரியும். நாம் இழுத்தால் ஒட்டியிருக்கும் தோல் கிழிகிறது. கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகிறது. இல்லாத பைமோசிஸ், அதாவது முன்தோல் இறுக்கம், அப்போதுதான் உண்மையாக வருகிறது. உங்கள் மகனுக்கு வந்த துளி ரத்தம் அந்தக் கிழிசல்தான்.

அந்த மஞ்சள் உருண்டை சீழ் இல்லை. பிரிந்துகொண்டிருக்கும் தோலின் செல்கள் உதிர்ந்து சேர்ந்தது. தோல் பிரிந்ததும் தானே வெளியே வந்துவிடும். பிதுக்காதீர்கள். பலூன் மாதிரி உப்புவதும் இந்த வயதில் சகஜம். உப்பிய பிறகு சிறுநீர் தாரை நன்றாக வந்தால் பயம் இல்லை. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, முக்கிக்கொண்டு போனாலோ, காய்ச்சலோடு சிறுநீர் எரிந்தாலோ, நுனி சிவந்து வீங்கி அடிக்கடி சீழ் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

குளிக்கும்போது வெளியே மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். உள்ளே சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம்.

யூராலஜி_சேரன்

சிஸ்டர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். 1949-ல் பிரிட்டனில் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கணக்கெடுத்து எழுதினார். பிறந்த குழந்தைகளில் 100-க்கு 4 பேருக்குத்தான் தோல் முழுசாகப் பின்னால் போனது. 1968-ல் டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் என்பவர் பள்ளி மாணவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். 6, 7 வயதில் 100-க்கு 8 பேருக்கு இறுக்கம் இருந்தது. 16, 17 வயதில் ஒருவருக்குத்தான் இருந்தது. கத்தி இல்லாமல், காலமே சரிசெய்திருக்கிறது. நாலு வயதுப் பையனுக்குத் தொந்தரவு எதுவும் இல்லாமல் 'தோல் பின்னால் போகவில்லை' என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷன் செய்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக இருக்கிறதா, ஆணுறுப்பு வளைந்திருக்கிறதா என்று ஒருமுறை டாக்டர் பார்த்துவிடட்டும். அப்படி இருந்தால் அதைச் சரிசெய்ய அந்த முன்தோல்தான் பிற்பாடு தேவைப்படும். அதை முன்கூட்டியே வெட்டிவிடக் கூடாது. குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

சென்னை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டலாம்.

காயல்_நண்பன்

எங்கள் வீடுகளில் எல்லாப் பையன்களுக்கும் சின்ன வயதிலேயே சுன்னத் செய்துவிடுவோம். என் தாத்தா காலத்தில் வீட்டுக்கே ஆள் வந்து செய்வார்கள். வேட்டியின் நடுவில் கயிறு கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, துணி புண்ணில் படாமல் பையனைப் படுக்க வைத்திருப்பார்கள். இப்போது எல்லாரும் ஆஸ்பத்திரியில்தான் செய்கிறோம். எங்கள் பக்கம் பைமோசிஸ் என்ற பேச்சே கிடையாது. உலக சுகாதார நிறுவனமே எய்ட்ஸ் தடுப்புக்கு இதைப் பரிந்துரை செய்திருக்கிறதே. அப்படியிருக்க, களிம்பு, வாரக்கணக்கில் காத்திருப்பது எல்லாம் எதற்கு? ஒரே நாளில் முடித்துவிடலாமே.

வைகைக்கரை

நண்பரே, உங்கள் மார்க்கத்தில் செய்வது உங்கள் கடமை, அதில் பேச எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கட்டாயம் இல்லாதவருக்கு, களிம்பில் சரியாகும் என்றால் ஏன் வெட்ட வேண்டும்? ஆபரேஷன் என்றால் ரத்தப்போக்கு, தொற்று, மயக்க மருந்து எல்லாம் கூடவே வருகிறது. சரியாகவில்லை என்றால் அப்போது செய்துகொள்ளலாம். வெட்டிய தோல் திரும்ப வராது.

யூராலஜி_சேரன்

காயல் நண்பர் சொன்ன பரிந்துரை உண்மை, 2007-ல் வந்தது. எச்ஐவி மிக அதிகமாகப் பரவியிருந்த கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளை மனதில் வைத்துச் சொன்னது. அங்கே நடந்த ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்று வருவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. ஆணுறையின் இடத்தை அது பிடிக்காது. நம் ஊரில் முன்தோல் இறுக்கத்துடன் வருகிற ஒரு தம்பிக்கு ஆபரேஷன் வேண்டுமா என்பதை அந்தக் கணக்கு தீர்மானிக்காது.

சுன்னத் நல்ல சிகிச்சைதான். தேவைப்படும்போது அதைவிட உறுதியான தீர்வு வேறு இல்லை, திரும்ப வருவதும் இல்லை. தழும்பு விழுந்தவர், களிம்பு போட்டும் தளராதவர், அடிக்கடி புண் வருகிறவர் ஆகியோருக்கு நானே முதலில் அதைத்தான் சொல்வேன்.

சர்க்கரை_வாத்தியார்

ஐயா, எனக்கு வயது 54. இளமையில் எந்தக் குறையும் இல்லை, தோல் நன்றாகவே பின்னால் போகும். ஆறேழு மாதமாக நுனியில் நீளவாக்கில் மெல்லிய வெடிப்புகள் வருகின்றன. பாதத்தில் பித்தவெடிப்பு வருமே, அதன் சின்ன உருவம். சிறுநீர் பட்டால் தீயாய் எரிகிறது. ஆறுகிறது, திரும்ப வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் தோல் கொஞ்சம் இறுகுகிறது. இப்போது பின்னால் தள்ளவே முடியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருடம் டாப்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைப் புதிதாகச் சேர்த்தார்கள். மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை.

யூராலஜி_சேரன்

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் விவரமே பாதி நோயைச் சொல்லிவிட்டது. நடுவயதில் புதிதாக இறுக்கம் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது சர்க்கரையைத்தான். சர்க்கரை இருப்பதே தெரியாமல், நுனித்தோல் வெடிப்புக்காக வந்து, ரத்தப் பரிசோதனையில் 300-க்கு மேல் இருப்பது தெரியவருகிறவர்கள் உண்டு.

சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் தோலுக்கு அடியில் பூஞ்சை வளரும். அரிப்பு, வெள்ளைப்படலம், வெடிப்பு, ஆறினால் தழும்பு, அந்தத் தழும்பால் இறுக்கம், இறுக்கத்தால் உள்ளே கழுவ முடியாமல் மறுபடி தொற்று. இந்தச் சுழற்சியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. 2020-ல் டாப்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு நம் நாட்டில் நிறைய பேர் அதைச் சாப்பிடுகிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிக நல்ல மருந்து. ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று அதன் தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வெடிப்பைச் சொல்லுங்கள். தொடரலாமா, மாற்றலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இப்போதைக்கு வழக்கமான வைத்தியம் இதுதான்: க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் களிம்பு, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, சோப்பு இல்லாமல் தண்ணீரில் கழுவி ஈரத்தை ஒற்றி எடுப்பது. தொற்று அடங்கிய பிறகும் தோல் பின்னால் போகவில்லை என்றால் முன்தோலை எடுத்துவிடுவது நல்லது. உங்கள் நிலையில் பெரும்பாலும் அதுதான் கடைசித் தீர்வாக இருக்கும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சரியாக இருந்தால் புண் ஒழுங்காக ஆறும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன். உள்ளே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ, ஆறாத புண், ரத்தம் கலந்த நாற்றமான கசிவு இருந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நெடுநாள் முன்தோல் இறுக்கம் ஆணுறுப்புப் புற்றுநோய்க்கு ஒரு காரணி. புகைபிடிப்பதும், உடலுறவில் பரவும் எச்பிவி கிருமியும் மற்ற காரணிகள். ஆரம்பத்தில் பிடித்தால் சின்ன ஆபரேஷனோடு போகும். வெட்கத்தால் வருடக்கணக்கில் மறைத்து, உறுப்பையே எடுக்க வேண்டிய நிலையில் வருகிறவர்களைப் பார்ப்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் வேதனையான விஷயம். தொடையிடுக்கு, விதைப்பை பக்கம் கடும் வலியும் வீக்கமும் காய்ச்சலும் வந்தாலும் அன்றே எமர்ஜென்சி.

மனைவியிடம் சொல்லுங்கள் ஐயா. பூஞ்சை அவருக்கும் வரலாம். அவருக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவரும் காட்டிக்கொள்ள வேண்டும்.

திருச்சி_டு_சிங்கை

முப்பது வயதுக்கு மேல் சுன்னத் செய்துகொண்டவன் நான். களிம்புக்குச் சரியாகவில்லை, தழும்பு இருந்தது. ஆபரேஷனுக்கு முன் யாரும் சொல்லித் தராத சில விஷயங்களை எழுதுகிறேன்.

எனக்கு அடிப்பகுதியில் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். அந்த ஊசி மட்டும்தான் வலி. விழித்துக்கொண்டே இருந்தேன். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் இரண்டு மூன்று நாள் நுனி நன்றாக வீங்கி, நிறம் மாறி, பார்க்கவே பயமாக இருக்கும். அது வடிந்துவிடும். பகலைவிட ராத்திரிதான் கஷ்டம். தூக்கத்தில் தானாக விறைப்பு வரும், தையல் இழுக்கும், எழுந்து உட்கார்ந்துகொள்வேன். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் படுப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் உதவியது.

துணி புண்ணில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் தானாகக் கழன்று வரும். வாசலின் தடவிய துணி வைத்தால் ஒட்டவே ஒட்டாது. இதுநாள் வரை மூடியே இருந்த மொட்டு இப்போது திறந்திருப்பதால் ஜட்டி உரசினாலே கூசும். சில வாரத்தில் பழகிவிடும். வேட்டி கட்டுகிறவருக்கு இந்த நேரம் சுலபம். ஒரு வாரம், பத்து நாளில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம். பைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். தையல் தானாகக் கரைந்து உதிர்ந்தது, பிரிக்கவில்லை. உறவுக்கு ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார்கள். அதைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

தாமிரபரணி_தம்பி

எல்லாருக்கும் மிக்க நன்றி. டாக்டர் சார், மூன்று கேள்வி இருக்கிறது. தோலை முழுசாக எடுக்காமல் அந்த வளையத்தை மட்டும் தளர்த்தும் ஆபரேஷன் உண்டா? லேசர், ஸ்டேப்ளர் என்கிறார்களே, எது நல்லது? அப்புறம், மொட்டுக்கு அடியில் ஒரு நரம்பு மாதிரி தோல் இழுத்துப் பிடிக்கிறது, அதுவும் இதே பிரச்சினைதானா?

யூராலஜி_சேரன்

உண்டு. இறுக்கமான வளையத்தின் மேல் நீளவாக்கில் சின்னதாகக் கீறி, அதைக் குறுக்குவாக்கில் தைப்பார்கள். அந்த அளவுக்குச் சுற்றளவு கூடிவிடும், தோல் அப்படியே இருக்கும். ப்ரெப்யூஷியோபிளாஸ்டி என்று கேளுங்கள். தழும்பு இல்லாத தோலுக்குத்தான் பொருந்தும். லைக்கன் ஸ்கிளிரோசஸ் உள்ளவர்களுக்குச் செய்தால் திரும்ப இறுகிவிடும். ஆறிய பிறகு தினமும் தோலைப் பின்னால் தள்ளிப் பழகாவிட்டாலும் இறுகலாம்.

அடியில் இழுப்பது ஃப்ரெனுலம். அது நரம்பு இல்லை, தோல் மடிப்பு. குட்டையாக இருந்தால் விறைப்பில் மொட்டைக் கீழே வளைக்கும், முதல் உறவில் கிழிந்து ரத்தம் நிறைய வரும். அதை மட்டும் நீட்டிவிடும் சின்ன ஆபரேஷன் தனியாக இருக்கிறது. பல பேர் இதைப் பைமோசிஸ் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். உங்களுக்கு இரண்டும் இருக்கலாம். நேரில் பார்த்தால்தான் தெரியும்.

லேசர் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம், 'எந்தக் கருவியால் வெட்டுவீர்கள், யார் செய்வார்கள், அவர் யூராலஜி படித்தவரா' என்று கேளுங்கள். எதனால் வெட்டினாலும் ஆறுவதற்கு ஆகும் காலம் ஆகத்தான் செய்யும். ஸ்டேப்ளர் என்பது வெட்டுவதையும் பின் அடிப்பதையும் ஒரே அழுத்தில் செய்யும் கருவி. நேரம் குறைவு, ரத்தம் குறைவு, செலவு கூடுதல். பின்கள் சில வாரத்தில் தானாக உதிரும். சில பின்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் எடுத்துவிட வேண்டும். கையால் தைத்துச் செய்வதில் குறை எதுவும் இல்லை. செய்கிறவர் கைப்பழக்கம்தான் முக்கியம்.

தை மாதக் கல்யாணம் என்றால் இப்போதே போய்க் காட்டுங்கள். களிம்புக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லை என்றால் ஆபரேஷன், அதற்குப் பிறகு ஆறு வாரம். இப்படிப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்து நிற்கிறவர்களுக்கு எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

கரிசல்_குமார்

ஆன்லைனில் சிலிகான் வளையம் விற்கிறார்கள். தோலுக்குள் மாட்டி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக விரியுமாம். யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? நண்பன் ஒருவன் தினமும் பலமாக இழுத்துப் பழகினாலே போதும் என்கிறான்.

வார்டு_சிஸ்டர்

தம்பி, பலமாக இழுப்பது வேண்டவே வேண்டாம். எமர்ஜென்சியில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இளைஞர்கள் தோலைப் பலவந்தமாக மொட்டுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள், திரும்ப முன்னால் வராது. அந்த இறுக்க வளையம் மொட்டின் பின்னால் கட்டுப் போட்ட மாதிரி நிற்கும். ரத்தம் உள்ளே போகும், வெளியே வராது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மொட்டு வீங்கிப் பளபளக்கும். பாராபைமோசிஸ் என்பது இதுதான். விட்டுவைத்தால் மொட்டுக்கு ரத்த ஓட்டமே நின்று அழுகும் அபாயம் உண்டு. வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் வருகிறவர்கள்தான் அதிகம்.

வந்ததும் மரத்துப்போகும் மருந்து கொடுத்து, வீங்கிய இடத்தை டாக்டர் உள்ளங்கையில் பொத்தி விடாமல் அழுத்திப் பிடிப்பார். நீர் வடிந்து வீக்கம் இறங்கும். அதன் பிறகு இரண்டு கட்டைவிரலால் மொட்டை உள்ளே தள்ளிக்கொண்டே மற்ற விரல்களால் தோலை முன்னால் இழுப்பார். பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். வராவிட்டால் வளையத்தைக் கீறிவிட வேண்டியிருக்கும். வீட்டில் இப்படி ஆனால் துணியில் சுற்றிய ஐஸை வைத்து அழுத்திக்கொண்டே உடனே கிளம்புங்கள், நடுராத்திரி ஆனாலும் சரி.

வளையம் விற்பது எனக்கும் தெரியும். உள்ளே தொற்று இருக்கிறதா, தழும்பா என்று பார்க்காமல் மாட்டிக்கொள்வதை நான் சொல்ல மாட்டேன். களிம்போடு வலிக்காத இழுப்பு, அதுவும் டாக்டர் பார்த்த பிறகு. அவ்வளவு போதும்.

மேட்டூர்_மகள்

சிஸ்டர், உங்களிடம் ஒரு சந்தேகம். அப்பாவுக்குப் பக்கவாதம். படுக்கையில் இருக்கிறார். யூரின் ட்யூப் போட்டிருக்கிறது. நேற்று ட்யூப் மாற்றிவிட்டுப் போனார்கள். இன்று காலையில் நுனி வளையம் மாதிரி வீங்கியிருக்கிறது. அவரால் வலியைச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. இது அதுவா?

வார்டு_சிஸ்டர்

அம்மா, இதற்கு மேல் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் இப்போதே அப்பாவை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ட்யூப் போடும்போது தோலைப் பின்னால் தள்ளித்தான் சுத்தம் செய்வோம். முடிந்ததும் முன்னால் கொண்டுவந்து விட வேண்டும். அது விட்டுப்போனால் இப்படித்தான் வீங்கும். ட்யூபை நீங்களாக உருவாதீர்கள், உள்ளே அதைப் பிடித்து நிறுத்தும் பலூன் இருக்கிறது. 'ட்யூப் மாற்றியதிலிருந்து தோல் பின்னாலேயே நிற்கிறது' என்று அங்கே சொல்லுங்கள், அவர்களுக்கு உடனே புரியும். சரிசெய்த பிறகு, ஒவ்வொரு முறை துடைத்து முடித்ததும், ட்யூப் மாற்றி முடித்ததும், தோல் மொட்டை மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டயப்பரைக் கட்டுங்கள். வீட்டுக்கு வரும் நர்ஸிடமும் அதைக் கேட்டுவிட்டே அனுப்புங்கள்.